இடது கண்ணில் துரு

முகம் துடைத்த துண்டில் ஒரு கறை இருந்தது. ரத்தம் என்றால் சிவப்பாக இருக்கும், பீளை என்றால் மஞ்சளாக இருக்கும். இது இரண்டிலும் சேராத நிறம். நனைந்த ஆணியைக் காகிதத்தில் சுற்றி ஒரு வாரம் மறந்துவிட்டால் காகிதத்தில் இறங்குமே, அந்த நிறம். ஃபோர்மேன் துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நாற்பது வருஷம் பட்டறையில் கிடந்த மூக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பு.

மகளிடம் காட்டினார். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, குழாய் துருப்பிடித்துவிட்டது, ஆளைக் கூப்பிட வேண்டும் என்றாள். யார் என்ன சொன்னாலும் தன் கையால் சோதிக்காமல் நம்புகிற ஆள் அவர் இல்லை. வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இடது கண்ணோரத்தை விரலால் துடைத்துப் பார்த்தார். விரல் நுனியில் அதே நிறம். கோப்பையைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் ஃபோர்மேன்தான். ஆனால் மனைவி போன பிறகு இரண்டு வருஷம் அவர் ஆளாகவே இல்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். குளி என்றால் குளித்தார், சாப்பிடு என்றால் வாயில் போட்டுக்கொண்டார். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, மகள் திரும்பியதும் பூந்தொட்டியில் துப்பினார். அதைக் கண்டுபிடித்த அன்று மகள் அழுதுகொண்டே, "செடிக்காச்சும் மனசு சரியாயிருக்கும்பா" என்றாள்.

அதன்பிறகுதான் காந்த சிகிச்சை என்று ஒன்றைச் சொன்னார்கள். கத்தி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் தட்டினால் உள்ளே தூங்கிப்போன மூளை எழுந்துகொள்ளுமாம். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது தடவை. அவருக்கு நம்பிக்கை இல்லை. மருமகன்தான், "முப்பது நாளும் நானே கூட்டிட்டுப் போறேன் மாமா, நீங்க வந்து உக்காந்தா மட்டும் போதும்" என்று பிடிவாதமாக நின்று, தன் வேலையைச் சாயங்கால ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். அவன் கேட்டால் அவரால் முடியாது என்று சொல்ல முடியாது. அவனுடைய பத்து வயதிலிருந்தே அப்படித்தான்.

மெஷினை இயக்கும் பெண் முதல் நாளே ஒரு நீளமான காகிதத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். தலையில் இரும்பு இருக்கிறதா, காதில் கருவி இருக்கிறதா, கண்ணில் எப்போதாவது இரும்புத் துணுக்கு விழுந்ததா. இல்லை, இல்லை, இல்லை. பட்டறைக்காரர் என்று தெரிந்ததும் அவள் அந்தக் கடைசி 'இல்லை'யை நம்பவில்லை. எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னாள். அவருக்கு அவள்மீது மரியாதை வந்ததே அப்போதுதான். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் மண்டை. இரண்டு கண் குழி. இரண்டும் சுத்தம். ஒரு பொட்டு இல்லை.

சாய்வு நாற்காலி, சலூன் நாற்காலி மாதிரி. இரண்டு வளையத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்த மாதிரி ஒரு கனமான தட்டு. அதை இடது நெற்றிக்கு மேல் பதித்துவிட்டு அவள் பொத்தானை அழுத்தினால், இரும்பில் உளி வைத்து அடிக்கிற மாதிரி டக்டக்டக்கென்று ஆரம்பிக்கும். நொடிக்குப் பத்து அடி. நான்கு நொடி அடித்துவிட்டு இருபத்தாறு நொடி சும்மா இருக்கும். மறுபடி நான்கு நொடி. அவர் முதல் நாளே எண்ணிவிட்டார். ஒவ்வொரு அடிக்கும் இடது இமை தவளை மாதிரி துள்ளியது. கண் நரம்பு பக்கத்தில்தான் போகிறது, பலருக்கும் வருவதுதான், மெஷின் நின்றால் நின்றுவிடும் என்றாள்.

பத்தாவது நாள் அவள் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது அவர், "முப்பது வருஷம் என் பொண்டாட்டி தட்டியும் திருந்தாத தலைம்மா இது. நீ முப்பது நாள்ல திருத்திருவியா?" என்றார். அவள் சிரித்தாள். மருமகன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவரும் சிரித்தார், இரண்டு வருஷத்தில் முதல்முறை. வீட்டுக்குத் திரும்பும்போது அந்தச் சிரிப்பு, கடையில் திருடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பொருள் மாதிரி நெஞ்சில் உறுத்தியது. மருமகன் சிரித்த சிரிப்பு அவனுடையது இல்லை. முன் இரண்டு பல் தெரிய, தோள் குலுங்க, சத்தம் கடைசியில்தான் வரும். அது அவன் அப்பனுடைய சிரிப்பு.

மறுநாள் காலையில்தான் துண்டில் அந்தக் கறை.

ஞாயிற்றுக்கிழமை சிகிச்சை கிடையாது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மகள் உள்ளே படுத்திருக்க, ஃபோர்மேன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெயில் திரைச்சீலையில் விழுந்து அறை முழுவதும் தேநீர் நிறத்தில் இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தன் வேட்டியின் சோப்பு வாசனைக்கு அடியில், இருக்கக் கூடாத இடத்தில், சூடான இரும்பும் பட்டறையின் வெட்டு எண்ணெயும் கலந்த ஒரு வாசனை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. இடது இமை துள்ளியது. துள்ளிக்கொண்டே இருந்தது. நின்றது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு நொடி கழித்து மறுபடி துள்ளியது. நான்கு நொடி. நின்றது.

ஒரு மணி நேரம் எண்ணினார். ஒரு நொடி பிசகவில்லை.

அடுத்த வாரம் துள்ளலோடு வெளிச்சம் வந்தது. முதலில் ஓரத்தில், தீக்குச்சி உரசிய மாதிரி. அப்புறம் நடுவில். வெளிச்சத்துக்குள் ஒரு கறுப்பு வளையம். மெஷின் பெண்ணிடம் சொன்னார். சிலருக்கு மின்னல் மாதிரி தெரியும், தட்டை நகர்த்தி வைக்கிறேன், தொடர்ந்தால் கண் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டாள். நல்ல பெண். வளையம் தலையில் வைக்கிற தட்டின் நிழல்தான் என்று அவரும் நினைத்துக்கொண்டார். விளக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் விளக்கு தெரியாதா, அந்த மாதிரி. ஆனால் தட்டில் இரண்டு வளையம். இதில் ஒன்று.

இன்னொரு பக்கம் அவருக்குக் குணமாகிக்கொண்டு வந்தது. அதுதான் கொடுமை. சாப்பாடு ருசித்தது. தூக்கம் பிடித்தது. மகளின் சமையலில் உப்புக் குறை சொன்னார், அவள் சந்தோஷத்தில் கண் கலங்கினாள். மனசு ஒரு அங்குலம் லேசானால் கண் ஒரு அங்குலம் கனத்தது. உள்ளேயிருந்த எதையோ மெஷின் பெயர்த்துவிட்டது, அது வெளியே போகாமல் இடது கண்ணுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது என்று அவருக்குப் பட்டது. உள்ளே இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியும்.

மருமகனின் அப்பனைப் பட்டறையில் குருவி என்பார்கள். சின்ன ஆள், ஓரிடத்தில் நிற்காமல் தத்திக்கொண்டே இருப்பான். சாணைச் சக்கரத்தில் வேலை. சக்கரத்துக்கு மேலே ஒரு தடுப்பு மூடி இருக்க வேண்டும். அது இருந்தால் பொருளைத் திருப்பிப் பிடிக்கத் தாமதமாகிறது என்று கழற்றி வைத்தது ஃபோர்மேன். கேட்டில் ஒரு பலகை இருந்தது, விபத்தில்லாத நாட்கள் என்று. அன்றைக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஐந்நூறு ஆனால் மேலிடத்திலிருந்து ஆள் வந்து கேடயம் கொடுப்பார்கள். விபத்து என்று எழுதினால் பலகை பூஜ்யத்துக்குப் போகும், மூடி எங்கே என்று கேள்வி வரும்.

கண்ணில் துணுக்கு விழுந்தால் அந்தப் பட்டறையில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. ஃபோர்மேனிடம்தான் வருவார்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தம் அவர் மேஜையில் இருக்கும், நடுவில் ஓட்டை உள்ள கறுப்பு வட்டம். இமையைத் தீக்குச்சியில் மடக்கிப் பிடித்து, காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் துணுக்கு டிக்கென்று தாவி ஒட்டிக்கொள்ளும். நாற்பது பேருக்காவது எடுத்திருப்பார். கைராசிக்காரர் என்று பெயர்.

குருவிக்கு டிக் சத்தம் வரவில்லை. துணுக்கு மேலே இல்லை. கருவிழியைத் துளைத்து உள்ளே போயிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. காந்தத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார், சுற்றிச் சுற்றிக் காட்டினார். குருவி கத்தவில்லை. "ஃபோர்மேன், உள்ளுக்குள்ள ஏதோ நகருது" என்று மட்டும் மெதுவாகச் சொன்னான்.

மரம் வெட்டும்போது குச்சி குத்தியது என்று சொல்லச் சொன்னார். அவனும் தலையாட்டினான், ஆஸ்பத்திரியில் அப்படியே சொன்னான். குச்சி என்றதால் யாரும் இரும்பைத் தேடவில்லை. இருபது நாளில் அந்தக் கண் போயிற்று. இரண்டு மாதத்தில், ஒன்றும் படாத மறு கண்ணும் அதன் பின்னாலேயே போயிற்று. கெட்ட கண்ணைச் சீக்கிரம் எடுத்திருந்தால் நல்ல கண் பிழைத்திருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னாராம். அடுத்த வருஷம் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவன், படி இருக்கிற பக்கம் என்று நினைத்துப் படி இல்லாத பக்கம் காலை வைத்தான்.

அவன் மகனைப் படிக்க வைத்தார். வேலை வாங்கிக் கொடுத்தார். தன் மகளையே கட்டிக் கொடுத்தார். அவருக்குப் பெரிய மனசு என்று ஊரே சொன்னது. அவன் வாய் நிறைய மாமா என்றான். இருபத்து நான்கு வருஷமாக அந்த ஒரு சொல்லை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாவது நாள் வளையத்துக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது.

முழு முகம் இல்லை. நான்கு நொடியில் ஒரு துண்டு. வியர்வை கோத்த மீசையின் ஒரு பாதி. ஒரு மூக்குத் துவாரம். நெற்றியில் எண்ணெய்க் கறை. ரொம்பக் கிட்டத்தில், மூச்சு படுகிற தூரத்தில், யாரோ அவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முதலில் பயம்கூட வரவில்லை. வந்துவிட்டாயா என்றுதான் தோன்றியது. குருவியைத் தவிர வேறு யார் வருவார்கள். வரட்டும். வந்து கேட்கட்டும்.

ஆனால் குருவிக்கு மீசை உண்டா? யோசித்து யோசித்துப் பார்த்தார். அவன் முகம் நினைவுக்கு வரவில்லை. அவன் சிரிப்பு மட்டும்தான் வந்தது.

அன்றைக்கே மெஷின் பெண் அவர் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டுப் பொத்தானில் இருந்து கையை எடுத்தாள். கருவிழியைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் கட்டியிருக்கிறது, கண் டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை இனி ஒரு அடிகூட அடிக்க மாட்டேன் என்றாள். மெஷின் நின்றது. கண் நிற்கவில்லை.

கண் டாக்டருக்கு வயதாகியிருந்தது. இருட்டறையில் தாடையைக் கம்பியில் பதிக்கச் சொல்லி, வெளிச்சக் கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, ரொம்ப நேரம் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். இடது கண் குழியில் வெள்ளையாக ஒரு பொட்டு, எள் அளவு.

இரும்பு, என்றார். இருபது வருஷத்துக்குக் குறையாது. துரு கண் முழுவதும் ஊறிவிட்டது. மருமகன் பழைய எக்ஸ்ரேயை எடுத்துக் கொடுத்தான். டாக்டர் அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படம் யாருடையதோடோ மாறிப்போயிருக்கும் என்றார். காந்தம் இரும்பை இழுக்கும், இல்லாத இரும்பை உண்டாக்காது என்றார். சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை.

"இது எப்போ, என்ன வேலையில உள்ள போச்சுன்னு எனக்கு உண்மையா தெரியணும். மறைச்சா இன்னொரு கண்ணுக்கும் ஆபத்து. யோசிச்சுச் சொல்லுங்க."

"பட்டறையிலயா மாமா?" என்றான் மருமகன். அவர் தோளில் கை வைத்திருந்தான்.

சொல்லிவிடலாம். என் கண்ணில் விழவில்லை டாக்டர், இது இவன் அப்பன் கண்ணில் விழுந்தது, காந்தம் பிடித்தது நான். அவ்வளவுதான். நாலு வார்த்தை. வாயைத் திறந்தார். தோளில் இருந்த கையின் சூடு சட்டையைத் தாண்டித் தெரிந்தது. அந்தச் சூடு போய்விடும்.

"வீட்ல," என்றார். "மரம் வெட்டும்போது. குச்சி குத்திருச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரியவரே, இது குச்சி இல்ல. இரும்பு."

"குச்சிதான்."

தோளில் இருந்த கை மெதுவாக விலகியது. மருமகன் திரையில் இருந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான். "எங்கப்பாவும் இதேதான் சொன்னாரு," என்றான், டாக்டரிடம் சொல்கிற மாதிரி. "இதே வார்த்தை."

அப்போது ஃபோர்மேனின் வலது இமை துள்ளியது. முதல் தடவையாக.

காரில் கிளம்பினார்கள். நாளைக் காலையில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதுவரை மூன்று மணி நேரத்துக்கொருமுறை சொட்டு மருந்து. ஃபோர்மேன் வெளியே தெரு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தார்: கடைப் பலகைகள், விளக்குக் கம்பம், சைக்கிளில் போகும் ஒருவன், ஒவ்வொன்றும் ஓரத்தில் செம்பழுப்பாக அரித்து உள்பக்கமாக உதிர்ந்துகொண்டிருந்தன. இருபத்தாறு நொடி தெரு. நான்கு நொடி வளையம். இருபது நொடி தெரு. பத்து நொடி வளையம். எண்ணிக்கை மாறியிருந்தது. வீடு வந்தபோது தெருவுக்கு ஐந்து நொடிதான் மிச்சம்.

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மகள் குரல் சமையலறையில் கேட்டது. தலையைப் பின்னால் சாய்த்தார். இரண்டு விரல் வந்து இமையைப் பிரித்தது. பொறுமையான விரல். மருந்து வாசனை இல்லை. வெட்டு எண்ணெய் வாசனை.

"ஃபோர்மேன்," என்றது மருமகனின் குரல். மாமா இல்லை. "கண்ணைத் திறங்க ஃபோர்மேன்."

திறந்துதான் இருந்தது.

அறை வரவில்லை. வளையம் வந்தது. இப்போது இரண்டு கண்ணாலும் பார்த்தார். அதனால் இதுவரை தட்டையாகத் தெரிந்தது இப்போது திரண்டு தெரிந்தது. அது நிழல் இல்லை. கனமான கறுப்பு வட்டம், அதைப் பிடித்த ஒரு கை, கைக்குப் பின்னால் முழு முகம். கறுப்பு மீசை. காதில் பென்சில். எண்ணெய்க் கறை படிந்த நெற்றி.

குருவி இல்லை.

கண்ணாடியில் பார்த்து ஐம்பது வருஷம் அவரே சவரம் செய்த முகம். அதில் இருபத்து நான்கு வருஷம் குறைவு.

இமையை மூடினார். மூடிய இமைக்கு இந்தப் பக்கம் அந்த முகம் இருந்தது. தலையைத் திருப்பினார். கூடவே திரும்பியது. மருமகனைக் கூப்பிட்டார், மாப்ளே, நான்தான், நான்தான் செஞ்சேன் என்று. சத்தம் வந்ததா தெரியவில்லை. இமையைப் பிடித்த விரல் மட்டும் இன்னும் கொஞ்சம் அகட்டியது.

இடைவெளி நின்றுபோயிற்று. இனி தெரு இல்லை. நொடி இல்லை.

முகம் குனிந்தது. அதில் கோபம் இல்லை, பகை இல்லை. ஷிஃப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்கிற ஆளின் அவசரம்தான் இருந்தது. உதடு சிரித்தபடியே, ஒண்ணுமில்லடா, பயப்படாதே என்று அசைந்தது. அந்தக் கண்கள் இவருடைய கருவிழியில் எதையோ தேடின. அலைந்தன. ஒரு புள்ளியில் நின்றன.

ஊசி முனை அளவு கிழிசல். அது தெரிந்தது. அந்த முகத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. சிரிப்பு நின்றது. ஒரு மூச்சு நேரம் கேட் பக்கம், பலகை இருக்கும் பக்கம், திரும்பிப் பார்த்தது.

பிறகு இவர் பக்கம் திரும்பி மறுபடி சிரித்தது. காந்தம் பிடித்த கை இன்னும் கிட்டே வந்தது.